நீர்ப்பறவைக் காய்ச்சல் – 5: விக்வேரின் கேள்வி

சென்ற வாரம் ரொனால்டு ராஸைக் கல்கத்தா ஆய்வகத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1898 ஜூலை மாதம். சாம்பல் நிறக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஒட்டுண்ணியின் மெல்லிய கதிர்களை அவர் கண்டுவிட்டார். அதே கொசுக்களை நோயில்லாத சிட்டுக்குருவிகளைக் கடிக்கவிட்டார். சில நாட்களில் அந்தக் குருவிகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி வந்து நின்றது. ஊட்டிக்கு அருகில் சிகூர் மலைப்பாதையில் தாமே காய்ச்சலில் விழுந்து, செகந்திராபாத்தில் கண் எரிய எரிய நுண்ணோக்கி பார்த்து, கடைசியில் குருவியின் உதவியால் அவர் கண்டுபிடித்த உண்மை இது. பறவை மலேரியாவைச் சுமப்பது கொசு. வழக்கு முடிந்தது.

முடியவில்லை. கொசுவைத் தேடிப் போனால் கண்டுபிடிக்கவே முடியாத இன்னொரு காய்ச்சல், வடக்கே, குளிர்ந்த ஏரிகளின் நாட்டில் இருந்தது. அது பிடித்தது நீர்ப்பறவைகளை. அவற்றிலும், முட்டை ஓட்டை உடைத்து வெளியே வந்து சில வாரங்களே ஆன குஞ்சுகளைத்தான் அது கொன்றது.

இந்த வாரக் கதை 1915இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் தொடங்குகிறது. எழுதியவர் ஏ.பி. விக்வேர். இடம், கனடாவின் தலைநகரான ஒட்டாவா. அந்தப் பக்கத்தில் வளர்க்கப்பட்ட வாத்துகளிடையே அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு நோய் வந்திருந்தது.

இந்த நோய் வரும் விதம் பயங்கரமானது. முதல் நாள் மற்ற குஞ்சுகளோடு சேர்ந்து இரை பொறுக்கிய குஞ்சு, மறுநாள் தலையைத் தொங்கப்போட்டு ஓரமாக நிற்கும். தீனியைத் தொடாது. மூச்சு வேகமாக வாங்கும். கால் தள்ளாடும். பல குஞ்சுகள் அன்று இரவைத் தாண்டுவதில்லை. வளர்ப்பவருக்கு மருந்து தேடக்கூட நேரம் கிடைக்காது. அறுத்துப் பார்த்தால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கும். ரத்தம் வெளுத்து, தண்ணீராக ஓடும்.

அந்த வெளுத்த ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்த்தபோது விக்வேரின் கண்ணில் ஒன்று பட்டது. சில ரத்த அணுக்கள் தங்கள் வடிவத்தையே இழந்திருந்தன. இரண்டு பக்கமும் கூராக இழுபட்டு, தறியில் ஓடும் ஓடத்தைப் போல நீண்டிருந்தன. அவற்றின் நடுவே, அணுவின் கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. லூகோசைட்டோசூன் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி அது. மலேரியா ஒட்டுண்ணிக்குச் சொந்தக்கார உயிர். ஆனால், மலேரியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பைத் தின்றுவிட்டு விட்டுச்செல்லும் பழுப்பு நிறத் துகள்கள் இதில் கிடையாது. வாத்தில் கண்டதால் ‘அனாடிஸ்’ என்று விக்வேர் அதற்குப் பெயரிட்டார்.

இறந்த குஞ்சு கையில் இருக்கிறது. அதன் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது. வேறொருவராக இருந்தால் கொலையாளி சிக்கிவிட்டான் என்று எழுதியிருப்பார். விக்வேர் அப்படி எழுதவில்லை. அவருடைய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. வாத்துகளின் இந்தப் புதிய நோய்க்குக் காரணம் இந்த ஒட்டுண்ணிதானா?

அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். காரணம், இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களில் நாம் பார்த்த டேனிலெவ்ஸ்கி. 1880களில் கார்கிவ் நகரில் அவர் பறவை பறவையாக ரத்தம் எடுத்துப் பார்த்தாரே, அவற்றில் பல பறவைகள் பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்தவை. ஆந்தையின் ரத்தத்தில் லூகோசைட்டோசூனை முதலில் கண்டவரும் அவர்தான். ஒட்டுண்ணி உடலுக்குள் இருப்பது வேறு, அது உயிரைப் பறிப்பது வேறு. இடையில் உள்ள தூரத்தைக் கடக்கச் சான்று வேண்டும். அந்தச் சான்று தம்மிடம் முழுதாக இல்லை என்பதை விக்வேர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அவருக்கு முன்பே இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1910இல், பூமிப்பந்தின் மறுபக்கத்தில், இன்றைய வட வியட்நாமான டோங்கினில், மாத்திஸ், லெஜே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு கிளுவையின் ரத்தத்தில் அதைக் கண்டு ‘சிமோண்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளுவை நமக்குத் தெரிந்த பறவைதான். குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வந்து இறங்கும் சின்ன வாத்து அது. ஒட்டாவாவின் ஒட்டுண்ணியும் டோங்கினின் ஒட்டுண்ணியும் ஒன்றே என்பது பின்னாளில் தெளிவானது. முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது விலங்கியலின் சட்டம். எனவே இன்று அதன் முழுப்பெயர் லூகோசைட்டோசூன் சிமோண்டி. ஜெர்மனியிலும் 1922இல் வளர்ப்பு வாத்தினப் பறவைகளில் இதே குடும்ப ஒட்டுண்ணி பதிவானது. டோங்கின், ஒட்டாவா, ஜெர்மனி. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பறவைகளோடு சேர்ந்து இதுவும் பறந்துகொண்டிருந்தது.

ஆனால் ஒரு பறவையிலிருந்து அடுத்த பறவைக்கு இது எப்படிப் போகிறது? ஒட்டாவா கட்டுரை வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு ஒரு பதில் வந்தது.

பதிலோடு வந்தவர் ஏர்ல் ஓரோக். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், வனவியல் பள்ளியைச் சேர்ந்தவர். இது கவனிக்க வேண்டிய செய்தி. கோழிப் பண்ணைக்காரருக்கு வைத்தியம் சொல்லும் துறையிலிருந்து அவர் வரவில்லை. காட்டையும் காட்டுயிர்களையும் படிக்கும் இடத்திலிருந்து வந்தார். ஒட்டாவாவில் செத்தவை வளர்ப்பு வாத்துகள். ஓரோக்கின் கவலையில் ஏரிகளில் கூடுகட்டும் காட்டு வாத்துகளும் சேர்ந்திருந்தன.

காட்டு வாத்துக் குஞ்சு இறந்தால் யாருக்குத் தெரியும்? தாய் முன்னே நீந்த, குஞ்சுகள் வரிசையாகப் பின்னே போகும். ஒன்று தளர்ந்து பின்தங்கினால் தாய் நின்று காத்திருக்காது. காத்திருந்தால் மற்றவற்றையும் இழக்கவேண்டிவரும். பின்தங்கியது நாணலுக்குள் ஒதுங்கும். அங்கே ஆமையோ, பெரிய மீனோ, நரியோ, கடற்காகமோ அதைக் கொண்டுபோய்விடும். ஒன்பது குஞ்சுகளோடு புறப்பட்ட தாய் நான்கோடு தெரிந்தால், பார்ப்பவர்கள் கொன்று தின்னும் விலங்குகளைத்தான் குறை சொல்வார்கள். நரியின் வாயில் போவதற்கு முன்பே அந்தக் குஞ்சின் ரத்தம் பாதி அழிந்திருந்தது என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது. இந்த நோய் இத்தனை காலம் மறைந்து கிடந்ததற்கு இதுதான் காரணம். கண்ணெதிரே செத்த வளர்ப்பு வாத்துதான் காட்டில் நடந்துகொண்டிருந்ததை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்தது.

ஓரோக் கொசுவோடு நின்றுவிடவில்லை. வட மிச்சிகனின் கோடைக்காலத்தில் வாத்தைச் சூழும் இன்னொரு பூச்சியைப் பிடித்தார். நோயுற்ற வாத்தின் ரத்தத்தைக் குடித்த அந்தப் பூச்சிக்குள் ஒட்டுண்ணி அடுத்த நிலைக்கு வளர்வதைக் கண்டார். அதன் வழியாக நோய் மற்ற வாத்துகளுக்குப் போவதையும் காட்டினார். 1930இல் சுருக்கமாக ஓர் அறிவிப்பு. 1934இல் வனவியல் பள்ளியின் வெளியீடாகவே ஒரு தனி நூல். அந்த நூல் இதை மலேரியாவை ஒத்த வாத்து நோய் என்று அழைத்தது.

அந்தப் பூச்சி, கறுப்பு ஈ.

இதே காலத்தில் நெப்ராஸ்காவில் ஸ்கிட்மோர் என்பவர் வான்கோழிகளைத் தாக்கும் இன்னொரு லூகோசைட்டோசூனைப் பின்தொடர்ந்து போனார். அவரும் கறுப்பு ஈயிடமே வந்து சேர்ந்தார். ராஸின் கொசுவுக்கு அருகில் இரண்டாவதாக ஒரு குற்றவாளி வந்து நின்றான்.

இந்த ஈயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் மர்மத்தின் பாதி இதன் பிறப்பிலேயே இருக்கிறது. வீட்டு ஈயைவிட மிகச் சிறியது. கூன் விழுந்த முதுகு. கொசுவைப்போல ஊசி இறக்கி உறிஞ்சாது. தோலைக் கிழித்து, ஊறி வரும் ரத்தத்தை நக்கிக் குடிக்கும். கடிப்பது பெண் ஈ மட்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். ஆப்பிரிக்காவில் மனிதர்களின் கண்பார்வையைப் பறிக்கும் நதிக்குருட்டு நோயைச் சுமப்பவையும் இந்த ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

கொசு தேங்கிய நீரில் முட்டையிடும். கறுப்பு ஈக்கு ஓடும் நீர் வேண்டும். ஓடைக் கல்லின் மேல், அருவி விளிம்பில், ஏரி வடிந்து ஆறாக மாறும் வாயில் இதன் லார்வா வாழும். கல்லின் மேல் பசையான பட்டு இழையைத் துப்பி, உடலின் பின்முனையில் இருக்கும் நுண்ணிய கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்ளும். தலையில் உள்ள இரண்டு விசிறிகளை விரித்து, நீர் அடித்துக்கொண்டு வரும் உணவை அரித்தெடுக்கும். பிறகு கூட்டுப்புழு. கடைசியில் ஒரு காற்றுக் குமிழுக்குள் ஏறி நீர்மட்டத்துக்கு வந்து, இறக்கை நனையாமல் பறந்துவிடும்.

வாத்து வாழ்வது அமைதியான ஏரியில். ஈ பிறப்பது ஓடும் ஓடையில். இரண்டும் சந்திப்பது கரையோரத்தில். குஞ்சுகள் இரை தேடும் ஆழமில்லாத விளிம்பு அதுதான். சதுப்பைப் பார்த்தவுடன் தேங்கிய நீரைக் குற்றம் சொல்வது மனித வழக்கம். இங்கே ஆபத்து தெளிந்து ஓடும் நீரிலிருந்து வந்தது.

கடிபட்ட குஞ்சுக்குள் என்ன நடக்கிறது? ஈயின் உமிழ்நீரோடு இறங்கிய ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகி உடலெங்கும் பரவுகிறது. மண்ணீரல், நுரையீரல், இதயம், மூளை என்று உறுப்பு உறுப்பாக இறங்கி, ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய கூடுகளாகத் திரள்கிறது. இந்தப் பெருங்கூடுகளை 1942இல் விரிவாக விவரித்தவர் கிளே ஹஃப். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒட்டுண்ணி ரத்த ஓட்டத்தில் தலைகாட்டுகிறது. அதோடு சிவப்பணுக்கள் உடையத் தொடங்குகின்றன. அதிர்ச்சியான உண்மை ஒன்று இங்கே உண்டு. ஒட்டுண்ணி குடியேறிய அணுக்கள் மட்டும் அழிந்தால் ரத்தம் அந்த அளவுக்கு வெளுக்காது. ஒட்டுண்ணி தொடாத நல்ல அணுக்களும் உடைகின்றன. நோயுற்ற வாத்தின் ரத்தத்திலேயே சிவப்பணுக்களை உடைக்கும் ஒரு பொருள் உருவாகிவிடுகிறது என்று 1968இல் கோகன் காட்டினார். விக்வேர் கேட்ட கேள்விக்கு, அவர் கட்டுரை எழுதி அரை நூற்றாண்டு கழித்து, இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. ஆம், கொலையாளி இதுதான்.

ஆனால் 1934க்கே திரும்புவோம். ஓரோக்கின் நூல் வெளிவந்தபோது இரண்டு கேள்விகள் எஞ்சியிருந்தன.

முதல் கேள்வி குளிர்காலத்தைப் பற்றியது. வட மிச்சிகனில் நவம்பர் முதல் ஏரிகள் உறையத் தொடங்கும். பறக்கும் ஈ ஒன்றுகூட இருக்காது. பழைய ஈக்கள் எல்லாம் செத்துப்போயிருக்கும். புதிதாகப் பிறக்கும் ஈ நோயில்லாமல்தான் பிறக்கும். அப்படியானால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒட்டுண்ணி எங்கிருந்து வருகிறது?

தாயிடமிருந்து. குஞ்சுப் பருவத்தில் கடிபட்டு உயிர் பிழைத்த வாத்து, ஒட்டுண்ணியை முற்றிலும் விரட்டிவிடுவதில்லை. அது பறவையின் உடலுக்குள் அடங்கிக் கிடக்கும். பறவை தெற்கே போகும், குளிர்காலம் முழுவதும் நன்றாக இருக்கும், திரும்பி வரும். பகல் நீண்டு, அது கூடுகட்டி முட்டையிடத் தயாராகும் அதே காலத்தில் ஒட்டுண்ணியும் மறுபடி ரத்தத்தில் ஏறும். வட மிச்சிகனிலேயே வாத்துகளை வைத்து இந்த மீளெழுச்சியை ஆராய்ந்து 1952இல் எழுதினார் ஈலை செர்னின்.

மூன்று நாள்காட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாயின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறுவது வசந்தத்தில். ஓடையிலிருந்து ஈக்கள் பெருந்திரளாகக் கிளம்புவது வசந்தத்தின் இறுதியில். குஞ்சுகள் பொரிந்து, மெல்லிய தூவி மட்டுமே போர்த்திய மேனியோடு நீரில் இறங்குவதும் அதே வாரங்களில். தாயைக் கடித்த ஈக்குள் ஒட்டுண்ணி வளர்ந்து முதிரச் சில நாட்களே போதும். அடுத்த கடி குஞ்சுக்கு. தாய்க்குத் தெரியாது, தன் உடலிலிருந்து புறப்பட்டதுதான் தன் குஞ்சைக் கொல்கிறது என்று. இந்த ஒட்டுண்ணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவைக்கும் இடம் இது. நாள்காட்டி மட்டும் அல்ல, கடிகாரமும் அதனிடம் இருக்கிறது. பகலில் தோலை ஒட்டிய ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் இருப்பதை 1973இல் ராலரும் டெஸ்ஸரும் கணக்கெடுத்துச் சொன்னார்கள். ஈ கடிப்பது பகலில்தானே.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விதான் சிக்கல்.

கறுப்பு ஈ என்பது ஒற்றை இனம் அல்ல. உலகில் இன்று அறியப்பட்டவை மட்டுமே 2000க்கு மேல். ஓரோக் தம் நூலில் குற்றவாளியின் பெயரைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். சிமுலியம் வெனஸ்டம். வட அமெரிக்கக் காடுகளில் வேலை செய்த மரம்வெட்டிகளும், படகோட்டிகளும், தூண்டில் போடுபவர்களும் அந்த ஈயை நன்றாக அறிவார்கள். மே, ஜூன் மாதங்களில் கழுத்தையும் காதோரத்தையும் ரத்தம் ஒழுகக் கடிப்பது அது.

அங்கேதான் இடிக்கிறது. வெனஸ்டம் தேடிப் போவது மனிதனை, மாட்டை, மானை. பாலூட்டிகளின் ரத்தம்தான் அதன் முதல் விருப்பம். வாத்து ஒன்றும் மனிதன் ஒன்றும் பக்கத்தில் இருந்தால் அது மனிதன் மேல்தான் வந்து உட்காரும். ஏரிக்கரை வாத்துகளை ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகக் கடித்து நோயைப் பரப்பும் ஈ இதுவாக எப்படி இருக்க முடியும்?

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிளம்பியவர்கள் கனடாக்காரர்கள். ஒண்டாரியோ மாகாணத்தின் அல்கான்குவின் காட்டுப் பூங்காவில், 1944இல் சசஜெவன் ஏரிக்கரையில் ஒரு காட்டுயிர் ஆய்வு நிலையம் அமைந்தது. மர்ரே ஃபாலிஸ் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும் கோடைதோறும் அங்கே கூடினார்கள். அவர்களில் ஒருவரான கோர்டன் பென்னட் செய்த காரியம் எளிமையானது. பறவைகளைக் கூண்டில் வைத்துக் காட்டின் வெவ்வேறு உயரங்களில் வைத்தார். மர உச்சியில் சில, தரையில் சில, ஏரிக்கரையில் சில. எந்த உயரத்தில், எந்தப் பறவையை, எந்த ஈ தேடி வருகிறது என்று எண்ணினார்.

மர உச்சிக்கு வந்த ஈக்கள் வேறு. ஏரிக்கரையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த வாத்துக் கூண்டுக்கு வந்த ஈ வேறு. அது மற்றப் பறவைகளை விட்டுவிட்டு வாத்தையே நாடி வந்தது. ஃபாலிஸ் குழு அதன் உடலைத் திறந்து பார்த்தபோது லூகோசைட்டோசூன் சிமோண்டி அதற்குள் இருந்தது.

அப்படியானால் ஓரோக் பிடித்த ஈ எது? அவர் கையில் இருந்தது உண்மையிலேயே வெனஸ்டம்தானா, அல்லது அல்கான்குவின் ஏரிக்கரைக்கு வந்த இந்த ஈயா? 1934இல் யார் முயன்றிருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. ஏனென்றால் வாத்துகளைத் தேடி வரும் அந்த ஈக்கு அறிவியல் முதன்முதலில் பெயர் வைத்ததே 1950இல்தான்.

(தொடரும்)